மறைந்த ரசிகருக்கு மைதானத்தில் ஒரு நிமிடக் கைதட்டல்: இங்கிலாந்தில் ஏற்பாடு செய்வது எப்படி?

இங்கிலாந்தில் கால்பந்து ஆட்டம் பார்க்கப் போகிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். பந்து எங்கோ நடுக்களத்தில் ஓடிக்கொண்டிருக்கும், கோல் வாய்ப்பு எதுவும் இருக்காது, திடீரென்று ஒரு மூலையில் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள், அது பக்கத்து ஸ்டாண்டுக்குப் பரவி எதிரணி ரசிகர்கள் வரை போகும், சரியாக ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். இறந்துபோன ஒரு ரசிகருக்கு எத்தனை வயதோ அத்தனையாவது நிமிடத்தில் அவருக்காகத் தட்டுவது அது.

போன சீசனில் எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருபவர் இறந்துபோனார். 71 வயது. சீசன் டிக்கெட் வாங்கிய நாளிலிருந்து எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவருடைய மகளுக்குக் கால்பந்தில் பெரிய ஈடுபாடு இல்லை, ஆனால் அப்பாவுக்கு அந்தக் கைதட்டல் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் என்னிடம் வந்தார். எனக்கும் தெரியவில்லை. கிளப்பில் டிக்கெட் பிரிவு ஊடகப் பிரிவைக் காட்டியது, ஊடகப் பிரிவு வேறொருவரைக் காட்டியது, துக்கத்தில் இருக்கிற ஒரு குடும்பம் இப்படி அலைய வேண்டியதில்லை என்று அன்றைக்கே தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கைதட்டல் ரசிகர்களுடையது. அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை, நடுவர் ஆட்டத்தை நிறுத்தப்போவதும் இல்லை. பெரிய திரையில் படம், ஒலிபெருக்கியில் அறிவிப்பு, ஆட்ட நாள் இதழில் இரங்கல் குறிப்பு ஆகிய மூன்றும் கிளப்புடையவை, அவற்றைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, கிளப் பதில் போடவில்லையே என்று கைதட்டலையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி விடாதீர்கள்.

## 1. முதலில் குடும்பத்தின் சம்மதம், அதுவும் எழுத்தில்

நீங்கள் எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் சரி, மனைவி, கணவர், பிள்ளைகள், பெற்றோர் இவர்களில் ஒருவரிடமிருந்து சம்மதம் வாங்காமல் இணையத்தில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். ஒரு சின்ன மின்னஞ்சல் போதும்: பெயரையும் படத்தையும் பயன்படுத்தலாம், இன்ன ஆட்டத்தில் செய்யலாம், கிளப்போடு என் சார்பில் இன்னார் பேசுவார். கிளப் கேட்கும் முதல் கேள்வியே குடும்பத்துக்குத் தெரியுமா என்பதுதான், அந்த மின்னஞ்சலை அப்படியே அனுப்பிவிடலாம்.

கூடவே கேட்டு வைக்க வேண்டியவை சில உண்டு. முழுப்பெயர், மைதானத்தில் எல்லோரும் கூப்பிட்ட பெயர், பிறந்த தேதி, எத்தனை வருடமாக ரசிகர், எந்த பிளாக் (ஸ்டாண்டில் இருக்கைப் பகுதி), எந்த வரிசை. இறந்த காரணத்தைச் சொல்லலாமா கூடாதா என்பதையும் வெளிப்படையாகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் யார் துருவினாலும் சொல்லக் கூடாது.

வயதை வாய்ச்சொல்லாக வாங்கிக்கொள்ளாமல் பிறந்த தேதியை வைத்து நீங்களே கணக்குப் போடுங்கள். அழுகைக்கு நடுவே சொல்கிறவர்கள் ஒரு வருடம் கூட்டியோ குறைத்தோ சொல்லிவிடுவார்கள், அப்புறம் அறிவித்த நிமிடத்தை மாற்றுவது பெரும்பாடு.

மரணச் செய்தியைக் காதால் கேட்டதை வைத்து நம்பி இறங்கவும் வேண்டாம். 2025 மார்ச்சில் பல்கேரியாவின் அர்டா கார்ஜாலி கிளப், லெவ்ஸ்கி சோஃபியாவுடனான ஆட்டத்துக்கு முன்னால் தங்கள் பழைய வீரர் ஒருவருக்கு மௌன அஞ்சலி செலுத்தியது. அவர் உயிரோடு இருந்தார். கிளப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. ஒரு கிளப்புக்கே இது நடக்கும் என்றால், வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவலை நம்பிக் கிளம்பும் நமக்கு எத்தனை எச்சரிக்கை வேண்டும்!

இறப்புச் சான்றிதழ் கைதட்டலுக்குத் தேவைப்படாது. ஆனால் சீசன் டிக்கெட்டை ரத்து செய்யவோ மீதிப் பணம் கேட்கவோ போனால் பிரதி கேட்கக்கூடும். இங்கிலாந்தில் இறப்பைப் பொதுவாக 5 நாட்களுக்குள் பதிய வேண்டும், சான்றிதழ் பிரதி ஒன்றுக்கு 12.50 பவுண்டு. வங்கி, ஓய்வூதியம் என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள் என்பதால் பதியும்போதே கூடுதலாக ஒன்றிரண்டு வாங்கச் சொல்லுங்கள்.

## 2. நிமிடத்தைத் தேர்ந்தெடுப்பது

இதில் என்ன இருக்கிறது, வயதுதானே நிமிடம் என்று தோன்றும். கைதட்டல் பிசுபிசுத்துப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் சிக்கல் கடிகாரம். கால்பந்துக் கணக்குப்படி 70:00 முதல் 70:59 வரை உள்ளதுதான் 71-ஆவது நிமிடம், 70:30-இல் கோல் விழுந்தால் 71-ஆவது நிமிட கோல் என்றுதான் எழுதுவார்கள். ஆனால் மைதானத்தில் உட்கார்ந்திருப்பவர் திரையைப் பார்க்கிறார், திரையில் 70 என்று இருக்கிறது. அறிவிப்பில் வெறுமனே 71-ஆவது நிமிடம் என்று போட்டால் பாதிப் பேர் ஒரு நிமிடம் முன்னாலும் மீதிப் பேர் பின்னாலும் தட்டுவார்கள், இரண்டுமே எடுபடாது. அதனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, கடிகாரம் 71:00 காட்டியதும் என்று எழுதுங்கள். நிமிடம் என்ற சொல்லைவிட அந்த எண்ணைத்தான் ஆட்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது சிக்கல், 45-ஐ ஒட்டிய வயதுகள். முதல் பாதியின் கூடுதல் நேரம் எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது, பல மைதானங்களில் திரைக் கடிகாரம் 45:00-இல் நின்றே போகும். இரண்டாம் பாதி மறுபடி 45:00-இலிருந்து தொடங்கும். 46, 47, 48 வயதில் இறந்தவருக்கு என்றால், இரண்டாம் பாதியில் என்று அழுத்தமாகச் சேர்த்து எழுதுங்கள். 46 என்றால் இன்னொரு தொல்லை, இடைவேளையில் தேநீருக்கும் கழிப்பறைக்கும் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். அந்த வயதுக்கு வேறு எண்ணை யோசிப்பதில் தவறில்லை.

மூன்றாவது, 90-ஐத் தாண்டியவர்கள். 93 வயதுப் பாட்டிக்கு 93-ஆவது நிமிடம் என்று வைத்தால் ஆட்டம் அதற்குள் முடிந்துவிடலாம், முடியாவிட்டாலும் பாதி மைதானம் ரயிலைப் பிடிக்க ஓடியிருக்கும். இதற்கு வழி, பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு எண்கள் (1932 என்றால் 32:00), அல்லது அவருக்குப் பிடித்த வீரரின் சட்டை எண், அல்லது அவருடைய இருக்கை எண். வயதுதான் வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. 2014 ஜூலையில் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது அதில் நியூகாசில் யுனைடெட் ரசிகர்கள் இருவர் இருந்தார்கள், நியூசிலாந்தில் தங்கள் அணி ஆடுவதைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்காக அந்த ஆகஸ்டில் நியூகாசிலின் சொந்த மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான ஆட்டத்தில் மைதானமே எழுந்து தட்டியது 17-ஆவது நிமிடத்தில், விமானத்தின் எண்ணை வைத்து.

கடைசியாக, அதே ஆட்டத்தில் அதே நிமிடத்துக்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். உரிமையாளருக்கு எதிரான போராட்டங்களையும் ரசிகர்கள் இப்போது நிமிடம் குறித்துத்தான் நடத்துகிறார்கள். உங்கள் கைதட்டலை யாராவது போராட்டம் என்று நினைத்துக்கொண்டால் குடும்பத்தின் மனது என்ன பாடுபடும்!

## 3. எந்த ஆட்டம்?

சொந்த மைதானத்து ஆட்டமாக இருக்கட்டும். பிரீமியர் லீக்கில் ஒரு சீசனுக்கு 19, அதற்குக் கீழே உள்ள மூன்று லீக்குகளில் 23. அதாவது ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒன்று. தேர்வு செய்ய நிறைய இல்லை, அதனால் குடும்பத்திடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இறுதிச்சடங்குக்கு முன்னாலா பின்னாலா? இங்கே இறுதிச்சடங்கு நடக்க இரண்டு மூன்று வாரம் ஆவது சாதாரணம், அது முடிந்த பிறகு வருகிற முதல் ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் நேரம் கிடைக்கும், குடும்பமும் வந்து உட்காரும் நிலைக்கு வந்திருக்கும். என் கருத்து இதுதான். அடுத்த சனிக்கிழமையே செய்தாக வேண்டும் என்று அவசரப்படுகிறவர்கள் நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் அன்றைக்குக் குடும்பம் வீட்டில் சவ ஏற்பாட்டாளரோடு பேசிக்கொண்டிருக்கும்.

கோப்பை ஆட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், சில பிளாக்குகளைத் திறக்கவே மாட்டார்கள், சீசன் டிக்கெட்காரர்கள் இருக்கை மாறி உட்கார்ந்திருப்பார்கள், சேர்ந்து தட்ட வேண்டிய ஆட்கள் சிதறிப்போவார்கள். உள்ளூர்ப் பரம எதிரியோடு ஆடும் ஆட்டத்தையும் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மே, ஜூனில் இறந்தவருக்கு ஆகஸ்ட் வரை காத்திருக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஆட்ட அட்டவணையை நம்பி உடனே ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். தொலைக்காட்சிக்காகச் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கள் இரவுக்கும் மாற்றுவார்கள். தொலைக்காட்சித் தேர்வு அறிவித்து முடிந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் வெளியூர் உறவினர்களுக்குத் தேதி சொல்லுங்கள், பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை அவர்கள் வாங்கிவிட்டால் பாவம்.

## 4. கிளப்புக்கு எழுதுவது

நேராக எஸ்எல்ஓ என்பவருக்கு எழுதுங்கள். சப்போர்ட்டர் லியாசான் ஆஃபீசர், அதாவது ரசிகர்களுக்கும் கிளப்புக்கும் நடுவே பேசுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர். 2012-13 சீசனிலிருந்து ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் உரிமம் பெற இப்படி ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அதனால் பெரிய கிளப்கள் அத்தனையிலும் இருப்பார். கிளப் இணையதளத்தின் தொடர்புப் பக்கத்தில் முகவரி கிடைக்கும். பொது விசாரணை முகவரிக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தால் ஆட்டமே முடிந்துவிடும். உங்கள் கிளப்புக்கு ரசிகர் டிரஸ்ட் (ரசிகர்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு) இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல் போடுங்கள். எங்கள் விஷயத்தில் வேலை நகர்ந்ததே டிரஸ்ட்டில் இருந்த ஒருவர் தொலைபேசியை எடுத்த பிறகுதான்.

எப்போது? ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால். இதழ் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே அச்சுக்குப் போய்விடும், கடைசி வாரத்தில் கேட்டால் திரை மட்டும்தான் கிடைக்கும், கிடைத்தால். ஆட்டத்துக்கு முந்தின நாளும் ஆட்ட நாளும் அவர்களைக் கூப்பிட்டுப் பயனில்லை.

என்ன எழுதுவது? மின்னஞ்சல் தலைப்பில் ஆட்டத்தின் தேதி, எதிரணி, மறைந்த ரசிகருக்கு அஞ்சலி என்று இருக்கட்டும். உள்ளே பத்தி பத்தியாக வாழ்க்கை வரலாறு வேண்டாம். பெயர், வயது, பிளாக், ரசிகர் எண் தெரிந்தால் அது, கைதட்டல் நேரம், குடும்பத்தின் சம்மத மின்னஞ்சல், பிறகு மூன்று கோரிக்கைகள் தனித்தனி வரியில்: திரையில் படம், இதழில் குறிப்பு, இடைவேளையில் பெயர் வாசிப்பு. தனித்தனியாகக் கேட்டால் ஒன்று முடியாவிட்டாலும் மற்றதற்குச் சரி என்று பதில் வரும். மொத்தமாக அஞ்சலி செலுத்த முடியுமா என்று கேட்டால் முடியாது என்ற ஒற்றை வரிதான் வரும்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அந்தச் சுருங்கிய படத்தை மைதானத்துத் திரையில் பெரிதாக்கினால் முகம் கலங்கலாகத் தெரியும். ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில். அகலவாக்கில் எடுத்த படம் நல்லது. முகம் தெளிவாக, கிளப் சட்டையோ ஸ்கார்ஃபோ போட்டிருந்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் பேரக்குழந்தைகள் இருந்தால் வெட்டிவிடுங்கள், பிள்ளைகளின் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கிளப் அதைப் போடாது. இதழுக்கான குறிப்பு அறுபது, எழுபது சொற்களுக்குள் நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுதிக் கொடுத்ததைத்தான் அவர்கள் போடுவார்கள், எழுதாமல் விட்டால் வெறும் பெயரும் வயதும்தான் வரும்.

மறைந்தவர் நம்மவர் என்றால் இன்னொரு வேலை உண்டு. நம் பெயர்களை ஒலிபெருக்கியில் படிக்கிறவர் தடுமாறுவார். பெயரை நீங்களே நிதானமாகச் சொல்லி ஒரு ஒலிப்பதிவு அனுப்பிவிடுங்கள், மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். வாழ்நாள் முழுக்கத் தன் பெயர் சிதைந்து கேட்ட மனிதருக்கு அந்த ஒரு முறையாவது சரியாக ஒலிக்கட்டும்.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆட்டம் தொடங்கும் முன் மௌனம், வீரர்கள் கையில் கறுப்புப் பட்டை ஆகியவை முன்னாள் வீரர்கள், பெரிய துயரங்கள் போன்றவற்றுக்கானவை. தனி ரசிகருக்குக் கிடைப்பது அபூர்வம். பல கிளப்கள் வருடத்தில் ஓர் ஆட்டத்தை ஒதுக்கி, அந்த வருடம் இறந்த ரசிகர்கள் எல்லோருடைய பெயரையும் திரையில் ஓடவிடுகின்றன. அதற்குப் பெயர் கொடுக்கக் கடைசித் தேதி எது என்று அதே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இருக்கை விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. இறப்பை டிக்கெட் பிரிவுக்குச் சொன்னதும் அவருடைய சீசன் டிக்கெட்டை முடக்கி, அந்த இருக்கையை அடுத்த ஆட்டத்துக்கு விற்பனையில் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அவருடைய இருக்கையில் ஸ்கார்ஃபும் பூவும் வைக்க வேண்டும் என்று நினைத்தால், அல்லது மகளே அதில் உட்கார வேண்டும் என்றால், முதலில் எஸ்எல்ஓ வழியாக அந்த ஒரு நாளைக்கு இருக்கையைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், அப்புறம் டிக்கெட் பிரிவுக்குப் போங்கள்.

## 5. ஆட்களுக்குச் சொல்வது

முழு மைதானத்துக்கும் தெரிய வேண்டும் என்று கவலைப்பட வேண்டாம். நேரம் வந்ததும் தயங்காமல் எழுந்து தட்ட நாலைந்து பிளாக்குகளில் பத்துப் பத்துப் பேர் போதும், மற்றவர்கள் பார்த்துச் சேர்ந்துகொள்வார்கள். அந்தப் பத்துப் பேரில் சிலர் பாட்டுப் பாடும் பகுதியில் கட்டாயம் இருக்க வேண்டும். அங்கே முரசு அடிப்பவர் இருந்தால் அவரை நேரில் பார்த்துச் சொல்லுங்கள், 71:00-க்கு அவர் பாட்டை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

இணையப் பதிவு சின்னதாக இருக்கட்டும். நாங்கள் போட்டது ஏறக்குறைய இப்படி இருந்தது:

“கிழக்கு ஸ்டாண்டில் நாற்பது வருடமாக நம்மோடு இருந்தவர், 71 வயதில் நம்மை விட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை ஆட்டத்தில் கடிகாரம் 71:00 காட்டியதும் எழுந்து நின்று ஒரு நிமிடம் கைதட்டுங்கள். குடும்பம் மைதானத்தில் இருக்கும். குடும்பத்தின் சம்மதத்தோடு.”

படத்தில் 71:00 என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள், பதிவைப் படிக்காதவர்கள்கூட அந்த எண்ணைப் பார்ப்பார்கள். ஒரு வாரம் முன்பு ஒருமுறை, முந்தின நாள் ஒருமுறை, அன்று காலை ஒருமுறை போதும். குடும்பத்தாரின் பெயரையோ தொலைபேசி எண்ணையோ பதிவில் போட வேண்டாம், இரங்கல் செய்தி போர்வையில் போலி நன்கொடைப் பக்கம் திறக்கிற ஆட்களும் இணையத்தில் உண்டு. குடும்பம் ஏதாவது அறப்பணிக்கு நன்கொடை திரட்ட விரும்பினால் அவர்களே பக்கம் தொடங்கட்டும், நீங்கள் அந்த இணைப்பை மட்டும் பகிருங்கள். மைதானத்துக்கு வெளியே தெருவில் உண்டியல் ஏந்த உரிமம் வேண்டும், கிளப் இடத்தில் என்றால் கிளப்பின் அனுமதி வேண்டும்.

எதிரணிக்கும் சொல்லுங்கள். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய எஸ்எல்ஓவுக்கு நாலு வரி எழுதினால் பயண ரசிகர்களுக்குத் தகவல் போய்விடும். இந்த விஷயத்தில் அணிப் பகை குறுக்கே வரும் என்று பயப்படாதீர்கள். மேலே சொன்ன நியூகாசில் ரசிகர்கள் இருவருக்கும் மலர்வளையம் வைக்கப் பணம் திரட்டத் தொடங்கியவர் பரம எதிரியான சண்டர்லேண்டின் ரசிகர். 100 பவுண்டு சேர்ந்தால் போதும் என்று ஆரம்பித்தது முப்பதாயிரம் பவுண்டைத் தாண்டியது. சொல்லாமல் விட்டால்தான் பிரச்சினை, என்ன நடக்கிறது என்று தெரியாமல் அந்த நிமிடத்தில் கேலிப் பாட்டு ஏதாவது பாடிக்கொண்டிருப்பார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

## 6. கொடி, பூ, மற்ற பொருட்கள்

கொடி இல்லாமலும் அஞ்சலி நிறைவாகத்தான் இருக்கும். வேண்டும் என்றால் முதலில் கிளப்பின் மைதான விதிகளைப் படியுங்கள், அளவு வரம்பு கிளப்புக்குக் கிளப் மாறும். பொதுவாக, பெரிய கொடிகளுக்குத் துணி தீப்பற்றாதது என்ற சான்றிதழ் கேட்பார்கள். கொடி அச்சிடும் கடையில் துணியோடு அந்தச் சான்றிதழும் கிடைக்குமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது, நுழைவாயிலில் ஸ்டூவர்ட் (மைதான ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்) கொடியை வாங்கி வைத்துக்கொள்வார், குடும்பத்தின் கண் முன்னால். கம்பு கூடாது. அச்சிட ஒரு வாரமாவது ஆகும், எங்களுக்கு நண்பர்கள் பங்கு போட்டுக்கொண்டதில் ஆளுக்கு ஐந்து பவுண்டுக்குள் முடிந்தது.

பல பெரிய மைதானங்களில் ஏ4 தாளைவிடப் பெரிய பை உள்ளே போகாது. மலர்வளையத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போய் அங்கே மல்லுக்கட்ட வேண்டாம், வெளியே சிலை அருகிலோ வாயில் அருகிலோ வையுங்கள். இருக்கையில் வைக்க ஒரு சின்னக் கொத்து போதும்.

புகைக்குண்டு, தீப்பந்தம், வாணவேடிக்கை எதுவும் கூடாது. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்குள் வருவதே குற்றம். அனுமதி இல்லாமல் ஆடுகளத்துக்குள் இறங்குவது 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இளைஞர்கள் பாசத்தில் இப்படி எதையாவது செய்துவிட்டு, குறைந்தது 3 வருடத்துக்கு மைதானப் பக்கமே வர முடியாத தடை ஆணையை வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் கூட்டத்தில் சூடான பையன்கள் இருந்தால் முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.

## 7. ஆட்ட நாள்

குடும்பத்தை ஒரு மணி நேரம் முன்னால் வரச் சொல்லுங்கள். பலருக்கு இது முதல் ஆட்டமாக இருக்கும், நுழைவாயில் சுழற்கதவே அவர்களுக்குப் புதிது. இதழ் விற்பவரிடம் முதலில் நின்று ஆறேழு பிரதிகள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பாதி ஆட்டத்தில் தேடினால் தீர்ந்திருக்கும். சில கிளப்கள் அச்சு இதழையே நிறுத்திவிட்டன, அப்படியானால் அந்தப் பக்கத்தின் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பிளாக்கில் நிற்கும் ஸ்டூவர்டிடம் 71:00-க்கு எல்லோரும் எழுந்து நிற்போம், இன்ன காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எங்கள் பகுதி ஸ்டூவர்ட் அதைக் கேட்டதும் தலையசைத்துவிட்டு, அந்த நேரத்தில் தானும் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று தட்டினார். கையுறை போட்ட கைகள், சத்தமே வரவில்லை, ஆனாலும் நிமிடம் முழுக்கத் தட்டினார்.

குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது: அந்த நேரத்தில் கோல் விழலாம், சண்டை வரலாம், விஏஆர் (நடுவரின் முடிவை வீடியோவில் சரிபார்ப்பது) வரலாம். கோல் விழுந்து மைதானம் கொந்தளித்தால் அதோடு கலந்துவிடும், அது அடங்கியதும் உங்கள் பிளாக் மட்டும் மறுபடி தொடங்கட்டும். வீரர் ஒருவர் பலமாக அடிபட்டுக் கிடந்தால் காத்திருந்து, ஆட்டம் மறுபடி தொடங்கியதும் தட்டுங்கள். நம் அணி கோல் வாங்கிய அடுத்த நொடி என்றால்? தயங்காமல் எழுந்து தட்டுங்கள், மற்றவர்கள் வருவார்கள்.

வீடியோ எடுக்க ஒரு நண்பரை எதிர் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். உங்கள் இருக்கையிலிருந்து எடுத்தால் முன்வரிசைக்காரரின் முதுகுதான் வரும், மைதானம் முழுக்க எழுந்து நிற்பது எதிர்ப்பக்கத்திலிருந்துதான் தெரியும். போனை அகலவாக்கில் பிடித்து, ஆடுகளத்தை விட்டுவிட்டு ரசிகர்களையும் திரையையும் எடுக்கச் சொல்லுங்கள், அரை நிமிடம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள். ஆட்டக் காட்சியை இணையத்தில் போடக் கூடாது என்பது விதி, இது வீட்டுக்கு மட்டும்.

## 8. முடிந்த பிறகு

அன்று இரவே எதிரணி ரசிகர் குழுவுக்கும் எஸ்எல்ஓவுக்கும் நன்றி எழுதிவிடுங்கள், திரையில் வந்த படத்தின் கோப்பையும் அதிலேயே கேளுங்கள். வாயிலில் வைத்த பூக்களைச் சில நாட்களில் அகற்றிவிடுவார்கள், அதிலுள்ள அட்டைகளை மறுநாளே போய் எடுத்துவந்து குடும்பத்திடம் கொடுங்கள். மழைக்கு முன்னால் போனால் நல்லது, மையெல்லாம் கரைந்துவிடும்.

சாம்பலை ஆடுகளத்தில் தூவ முடியுமா என்று அநேகமாக எல்லாக் குடும்பமும் கேட்கும். பெரும்பாலான கிளப்கள் மறுத்துவிடும், சாம்பல் புல்லுக்கு ஆகாது. எவர்ட்டன் கிளப் ஒரு காலத்தில் அனுமதித்தது, அதன் அப்போதைய மைதானமான குடிசன் பார்க்கின் ஆடுகளத்தைச் சுற்றி 800-க்கும் மேற்பட்ட ரசிகர்களின் சாம்பல் புதைந்திருக்கிறது, இடம் போதாமல் 2004-இல் நிறுத்திவிட்டார்கள். திருட்டுத்தனமாகத் தூவுகிற எண்ணமே வேண்டாம். அதற்குப் பதிலாகக் கிளப்பில் நினைவுத் தோட்டம் உண்டா, பெயர் பொறித்த கல் பதிக்கிறார்களா என்று கேளுங்கள். கல்லுக்குக் கட்டணம் உண்டு, எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, வருடத்தில் ஓரிரு முறைதான் பதிப்பார்கள் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். பொறிக்கும் முன் வாசகத்தைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினால், பெயரின் எழுத்துகளையும் பிறந்த வருடத்தையும் குடும்பத்தில் வேறொருவரையும் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு ஒப்புதல் கொடுங்கள், பொறித்த பின் மாற்ற மறுபடி பணம் கேட்பார்கள்.